எந்தத் தோலுக்கு இந்த நிறம்?

திருப்பூர் அடுத்தவர் தோலைப் பற்றிக் கவலைப்படுகிற ஊர். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் எங்கள் பிழைப்பு. எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தை போடப்போகும் பனியன் அதன் கழுத்தில் உரசக் கூடாது. வியர்வையில் சாயம் இறங்கக் கூடாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை செய்தது. இன்றைக்கு அந்தச் சோதனைச் சான்று இல்லாமல் ஏற்றுமதிச் சரக்கு நகராது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிய பிறகுதான் அடுத்த ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணி முழுவதையும் சோதிக்க வேண்டும்.

அந்த ஊசி டைலரின் விரலில் ஏறி உடைந்திருந்தால்? அப்போதும் பதிவேட்டில் துண்டைத்தான் ஒட்டுவார்கள். விரலுக்கு ஒரு பேண்டெய்டு, அரை மணி நேர உட்கார்தல். ஓவர்லாக், பேட்லாக் ஓட்டும் பெண்களில் நகத்தருகே ஊசித் தழும்பு இல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் பதினாறு வருஷமாக ஒரு பிரிண்டிங் பட்டறையின் லேபில் ஷேடு பார்க்கிறேன். பையர் அனுப்பிய நிறத்தையும் நாங்கள் போட்ட நிறத்தையும் லைட் பாக்ஸில் பக்கம் பக்கமாக வைத்து, பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று சொல்வது என் வேலை. அந்தக் கைக்கு ஒரு நிறம் வேண்டும் என்று நாற்பத்திரண்டாவது வயதில் எனக்குத் தோன்றியது.

வேண்டியது வாட்டர்கலர் டாட்டூ. வழக்கமான டாட்டூவில் முதலில் கறுப்புக் கோடு, நிறம் அதற்குள் அடங்கும். வாட்டர்கலரில் கோடு இருக்காது, இருந்தாலும் ஒளிந்திருக்கும். ஈரத்தாளில் தூரிகை வைத்ததுபோல் நிறம் ஓரத்தில் கரைந்து தோலோடு கலந்துவிடும். இப்படி ஒரு டிசைனைத் துணியில் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். கரைகிற ஓரத்தைப் புள்ளிகளை வைத்துத்தான் காட்ட முடியும். டாட்டூவிலும் அதே கதைதான். வரிசையாகச் சேர்ந்த ஊசிகள் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலக்கியும் குத்துகின்றன. ஈரம் பரவி உண்டாகிற மென்மை இல்லை அது, ஆயிரக்கணக்கான குத்துகளால் உண்டாகிற மென்மை.

முதலில் போன கடையில் இருந்த பையன் என் கையைப் பார்த்ததும் சொன்னான்: "உங்க கலருக்கு கலர் நிக்காதுங்கக்கா. கறுப்புல சின்னதா பட்டாம்பூச்சி போட்டுக்கலாம். இல்லாட்டி அண்ணன் பேரு, குழந்தைங்க பேரு போட்டுக்கலாம்."

கறுத்த தோலுக்கு நிறம் கிடையாது, பெண்ணுக்கு அவள் பேர் கிடையாது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டான். அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் சுவரில் ஒட்டியிருந்த வாட்டர்கலர் படங்கள் எல்லாமே வெள்ளைக்காரர்களின் கைகள், தோள்கள். அவற்றைப் பார்த்துத்தான் அவன் தொழில் கற்றிருக்கிறான்.

ஆனால் எனக்கும் ஒரு தொழில் தெரியும். லேபில் நாங்கள் நிறத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. துணியின் கிரவுண்டு என்ன என்பதுதான் முதல் கேள்வி. நேவி துணியில் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். அதற்காக யாரும் நேவி துணியைக் குறை சொல்ல மாட்டோம், ரெசிபியை மாற்றுவோம். தோலிலும் அப்படித்தான். டாட்டூ மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குகிறது. நமக்கு நிறம் தருகிற மெலனின் அதற்கு மேல் அடுக்கில் இருக்கிறது. மையை அந்தப் பழுப்பின் வழியாகத்தான் பார்க்கிறோம். வெளிர் மஞ்சளும் வெளிர் ரோஜாவும் அதில் மங்கும். அடர் சிவப்பு, கரும்பச்சை, நீலம், கத்தரிப்பூ நிறம் எல்லாம் நன்றாகவே நிற்கும்.

எங்கள் தொழிலில் டிஸ்சார்ஜ் பிரிண்ட் என்று ஒன்று உண்டு. அடர்ந்த துணியில் பிரகாசமான நிறம் வேண்டுமென்றால், அந்த இடத்தில் துணியின் சொந்தச் சாயத்தை ரசாயனத்தால் கரைத்து எடுத்துவிட்டு வேறு நிறத்தை ஏற்றுவது. சிவப்பழகு கிரீம் விற்கிறவர்கள் இத்தனை காலமாக நம் பெண்களிடம் சொல்லி வருவதும் இதைத்தான்: முதலில் உன் கிரவுண்டை எடு, பிறகு அழகைப் பற்றிப் பேசலாம். பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த நாளில் என் கையிலும் அது தடவப்பட்டிருந்தது. இந்த டாட்டூவுக்கு என் தோல்தான் கிரவுண்டு, ரெசிபிதான் மாற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவு என் குடும்பத்தில் புதிதும் அல்ல. அமுச்சியின் இரண்டு முன்கைகளிலும் பச்சை இருந்தது. புள்ளி வைத்துச் சுற்றி வளைத்த கோலம், அதன் கீழே தேள். என்னைவிடக் கறுத்த கை அது. அதில் அறுபது வருஷம் அந்தக் கோலம் நின்றது. பச்சை என்று பேர்தானே தவிர, குத்துவது கரி. தோலுக்குள் போன கரி வெளியே நீலப்பச்சையாகத் தெரிகிறது. அகத்தி இலையையும் மஞ்சளையும் சேர்த்தரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிகிற கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள் என்று அமுச்சி சொல்வாள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இனவரைவுக் குறிப்புகளிலும் இதே முறைதான் இருக்கிறது.

குத்தியவர்கள் குறத்திகள். மை கூட்டவும், கோலம் போடவும், வலியில் அழுகிற பெண்ணைப் பாட்டுப் பாடித் தேற்றவும் தெரிந்த கலைஞர்கள். கூலி நெல்லும் பழந்துணியும். 1871இல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, குறவர் குழுக்கள் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 1952இல் சட்டம் போனது, பார்வை போகவில்லை. இன்றைக்கு ஏசி அறையில் ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் இந்தத் தொழிலில் அந்தப் பெண்களின் பேத்திகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்காமல் டாட்டூவைப் பற்றி நான் எழுத முடியாது.

அமுச்சியின் பச்சையை நான் விடுதலையின் அடையாளமாக்கப் போவதுமில்லை. கல்யாணத்துக்கு முன் குத்தியே ஆக வேண்டும், செத்தால் கூட வருவது அது ஒன்றுதான் என்று சொல்லிப் பிடித்து உட்காரவைத்துக் குத்தியது அது. அவளை யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தக் கை கூச்சம். கையைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள் என்பாள். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து எங்களைப் படிக்கவைத்தவள் அவள். நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள்: "நாங்க அழிக்கோணும்னு நெனச்சத நீ காசு குடுத்துக் குத்தறயா கண்ணு?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. டிசைனிலாவது பதில் சொல்லப் பார்த்தேன்.

கோவையில் ஒரு பெண் குத்துகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவள் முதலில் பேனாவை எடுக்கவில்லை, என் கையை ஜன்னல் ஓரம் வைத்துப் போட்டோ எடுத்தாள். "வெள்ளைப் பேப்பர்ல வரைஞ்சு காட்டுனா ஏமாத்தற மாதிரி ஆயிடும்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் போட்டோவின் மேலேயே டேப்லெட்டில் வரைந்தாள். நான் கேட்டது செவ்வகத்திப் பூ. அமுச்சியின் மை அகத்தி இலையிலிருந்து வந்தது என்பதற்காக. அரிவாள்போல் வளைந்த மொட்டு, விரிந்த இதழ், கொஞ்சம் இலை.

முதல் வரைவில் நிறம் பூவைவிட்டு வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது. வேறு ஊர்க்காரர்களுக்கு அது அழகாக இருக்கும். தண்ணீரில் சாயம் கரைந்து ஓடுவதை நாங்கள் நொய்யலில் பார்த்தவர்கள். ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி வயலும் கிணறும் கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னதை வேலையிழந்து பார்த்தவர்கள். வழிசலை எடுக்கச் சொன்னேன். இரண்டாம் வரைவில் கோடே இல்லை. வருஷங்கள் போகப் போக மை சற்றே பரவும், கோடில்லாத நிறம் கறைபோல் ஆகிவிடலாம் என்று அவளே சொன்னாள். மூன்றாவதில் அமுச்சியின் கோலத்திலிருந்து ஒரு வளைவை எடுத்துக் காம்பாக வைத்தோம். அது கறுப்பு. மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இலை ஓரங்களில் மை போடாமல் விட்டோம். அங்கே தெரிகிற பழுப்பு என்னுடையது.

பிறகு லேப் டிப். அவள் அதை வேறு பேரில் சொன்னாள், எனக்கு அது லேப் டிப்தான். கையின் உள்பக்கம் ஆறு நிறத்தில் ஆறு பொட்டு. ஆறு வாரம் பொறுத்துப் பார்த்தோம். ஆரஞ்சு மண்ணாகிவிட்டது. வெளிர் ரோஜா காணாமலே போய்விட்டது. அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் நின்றன. சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வரும் என்பதால் அந்தப் பொட்டு அரித்ததா என்று இரண்டு முறை கேட்டாள். மை பாட்டிலைக் காட்டச் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நீலம் 15:3, பச்சை 7 என்ற இரண்டு நிறமிகளுக்கு மட்டும் 2023 ஜனவரிவரை அவகாசம் கொடுத்தது. அந்த நாட்டுக் குழந்தையின் பனியனுக்கு நான் கேட்கிற சான்றை என் கைக்கும் கேட்டபோது அவள் முகம் சுளிக்கவில்லை, ரெசிபி எண்ணோடு எழுதிக் கொடுத்தாள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்கிற பழக்கம்தான் நமக்கு இல்லை.

வீட்டில் அவர் டிசைனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு எதும் போடலையா?" என்றார். "உங்க கையில எம் பேரு இருக்குதுங்களா?" என்றேன். சிரித்தார். இரண்டு நாள் பேச்சுக் குறைந்திருந்தது. பிறகு சரியாகிவிட்டது. செலவு என் சம்பளத்தில் பாதி மாதம். போனஸில் எடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றரை மணி நேரம் ஆனது. வலித்தது. புது ஊசிப் பொட்டலத்தை என் கண் முன்னால் பிரித்தாள். மெஷின் சத்தம் பழகியதாக இருந்தது. ஊசி மேலும் கீழும் போகிற அந்தச் சத்தத்தில்தான் எங்கள் ஊரே வாழ்கிறது. என் உடம்பில் வேலைக்காக இல்லாமல் ஏறிய ஊசி, பிரசவ வார்டைத் தவிர்த்தால், இதுதான்.

செக்கிங் டேபிளில் இருக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஒருத்தர் பேர எழுதுனா பின்னால அழிக்க முடியுமா?" லேசரில் முடியும், குத்தின காசைவிடப் பல மடங்கு ஆகும், முழுசாகப் போகும் என்று உறுதி இல்லை என்றேன். 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும் சொன்னேன். மையை விழுங்கி வைத்திருக்கும் செல் செத்தாலும், அது விட்ட மையை அடுத்த செல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் டாட்டூ நிலைக்கிறது. "அப்ப ஒடம்பே புடிச்சு வெச்சுக்குதா?" என்றாள். அவள் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேர் எழுதாதே என்று சொல்ல நான் யார்? புது ஊசியா பார், மை பாட்டிலைக் கேள், ஒரு பொட்டு வைத்து ஆறு வாரம் பொறு. இவ்வளவுதான் சொன்னேன். ஆறு வாரம் சில பேர்களுக்கும் போதுமான சோதனைதான்.

அம்மா ஒரு மாதம் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை இழுத்து, காம்பின் கறுப்பு வளைவை விரலால் தடவிப் பார்த்தாள். "ஆத்தாளுக்கு இந்த வளைவுக்குள்ள ஒரு புள்ளி இருக்கும். நீ வுட்டுட்ட" என்றாள்.

குத்தி எட்டு மாதம் ஆகிறது. அரக்கு அப்படியே இருக்கிறது. கத்தரிப்பூ நிறம் ஓரத்தில் அரை ஷேடு இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் அதை மட்டும் ஏற்றிக்கொள்ளப் போகிறேன், கூடவே அந்தப் புள்ளியையும்.