தூங்கும் முன் அணைக்க வேண்டிய நெருப்பு

மத்ரஸாவில் உறங்கும் ஒழுங்குகள் பற்றிய பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உளூச் செய்துகொள்ளுதல், படுக்கையைத் தட்டிவிடுதல், பாத்திரங்களை மூடிவைத்தல், கதவைத் தாழிடுதல், நெருப்பை அணைத்தல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். "எங்க வீட்டுல நெருப்பே இல்லையே?" என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்கும். "அது திரிவிளக்கு எரிந்த காலம். நீங்கள் சுவிட்சை அணைத்தால் போதும்" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த விடை எவ்வளவு அரைகுறையானது என்பதை 2021 பிப்ரவரியில், ஹூஸ்டனில் உள்ள எங்கள் வீட்டில், அல்லாஹ் எனக்கு உணர்த்தினான்.

ரஜப் மாதத்தின் தொடக்க நாள்கள் அவை. பிப்ரவரி 15ஆம் நாள், திங்கட்கிழமை பின்னிரவில் மின்சாரம் நின்றது. சிறிது நேரத்தில் வந்துவிடும் என்றே எண்ணினோம். ஆனால் டெக்சாஸ் மாநிலம் முழுவதும் உறைந்துகொண்டிருந்தது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் அத்தகைய குளிருக்கு ஆயத்தம் செய்யப்படாமல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்து இயங்குவது. அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரத்தைப் பெறவும் வழியில்லை. கட்டமைப்பு முற்றாகச் சரிந்துவிடாமல் இருக்கவே, 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் விடப்பட்டன.

எங்கள் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரத்தால்தான் சூடேற்றப்படுகின்றன. எரிவாயுச் சூடேற்றி உள்ள வீட்டிலும் வெப்பக்காற்றைச் செலுத்தும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே பொழுது விடிவதற்குள் எங்கள் வீடும் குளிர்ந்துவிட்டது. தெற்குப் பக்கம் வெயில் படும் சிறிய அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நான், என் கணவர், மகன், மகள், எழுபதைக் கடந்த என் மாமியார் ஆகிய ஐவரும் அங்கே குடியேறினோம். சன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டோம். கதவின் அடியில் துவாலைகளைச் சுருட்டி வைத்தோம். குழாய்கள் உறையாதிருக்க நீரைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டு, குளியல் தொட்டியையும் அண்டாக்களையும் நிரப்பிக்கொண்டோம். உறைபெட்டியில் இருந்த இறைச்சியைப் பின்புறத் திண்ணைக்கு மாற்றினோம். வெளிக்குளிரே அதைக் காத்தது. அடுப்பு மட்டும் எரிவாயுவில் இயங்குவது. தீக்குச்சியால் பற்றவைத்து, சன்னலைச் சற்றுத் திறந்துவைத்துக் கஞ்சி காய்ச்சினேன்; காய்ச்சியதும் அணைத்துவிட்டேன்.

அன்றைய இரவுதான் மிகக் கொடியது. வெளியே வெப்பநிலை மைனஸ் 10 பாகையை நெருங்கியது. தஹஜ்ஜுத் வேளையில் விழித்தபோது மாமியாரின் படுக்கை வெறுமையாக இருந்தது. குளியலறையில் கைவிளக்கின் வெளிச்சத்தில், பனிக்கட்டி போன்ற நீரில் உளூச் செய்து முடித்துவிட்டு நின்றார். உதடுகள் வெளுத்திருந்தன, கை நடுங்கியதில் தலைமுக்காட்டைக்கூடப் பிடிக்க இயலவில்லை.

"மாமி, என்னை எழுப்பியிருக்கலாமே? தண்ணீர் சுடவைத்துத் தந்திருப்பேனே!"

"உன் தூக்கத்தைக் கெடுக்கணுமா? இத்தனை வருஷம் பச்சைத் தண்ணியிலதான் உளூ எடுத்தேன். கஷ்டத்துல செய்யுற அமலுக்குக் கூலி அதிகம்மா" என்றார்.

அவரைக் கம்பளிகளுக்குள் படுக்கவைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாத அந்த நிலையில், வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடும் இரும்புச் சட்டி நினைவுக்கு வந்தது. கொல்லைப்புறத்தில் இறைச்சி சுடும் கரி ஒரு பை இருந்தது. வெளியே கரியை மூட்டி, புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து மாமியாரின் கால்மாட்டில் வைத்தேன். கதவைச் சாத்தித் துவாலையை மீண்டும் இறுக்கினேன். அறையில் இதமான சூடு பரவியது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பதினொரு வயது மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "உம்மா, தூங்குறதுக்கு முன்னாடி நெருப்பை அணைக்கணும்னு நீங்கதானே மத்ரஸாவுல சொல்லிக் கொடுத்தீங்க?"

எனக்கு முதலில் வந்தது சினம்தான். "பேசாமல் படு" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கணவரை எழுப்பினேன். அவர் ஒரு கணமும் தாமதிக்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவையும் சன்னலையும் திறந்து காற்றை வரவிட்டார். சேர்ந்த சூடெல்லாம் போயிற்று. சுடுநீர்ப் பைக்குப் பதிலாகப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றி மாமியாரின் கால்களுக்கிடையே வைத்தோம். நானும் மகளும் இருபுறமும் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். சுப்ஹுக்குள் நடுக்கம் நின்றது.

மறுநாள், திறந்த வெளியில் நிறுத்தியிருந்த காரில் கைப்பேசிக்கு மின்னேற்றியபடி செய்தி கேட்டோம். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் இயக்கி, மூடிய கராஜில் காரை ஓடவிட்டு, எங்கள் மாவட்டத்திலேயே நூற்றுக்கணக்கானோர் நச்சுக்காற்றால் பாதிக்கப்பட்டிருந்தனர். சில வீடுகளில் உயிர்களும் போயிருந்தன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகையில்லாமல் கனலும் கங்குதான் அதை மிகுதியாக வெளிவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், உறக்கம் வரும். அதைச் சூட்டின் சுகம் என்று நினைத்துக் கண்மூடுபவர் எழுவதில்லை. நான் துவாலை வைத்து இறுக்கிய அறைக்குள் ஐந்து உயிர்கள் இருந்தன.

மதீனாவில் ஒரு வீடு இரவில் அதிலிருந்தோருடன் தீப்பற்றி எரிந்த செய்தி எட்டியபோதுதான், நெருப்பு நமக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்குமுன் அதை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை அபூ மூஸா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் படித்திருக்கிறேன், கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் உயிரைக் காக்கும் கட்டளையாக அன்றி, பழங்கால ஒழுக்கமாகவே அதை மனத்தில் வைத்திருந்தேன். பாடம் என் நாவில் இருந்தது. என் மகளின் நெஞ்சில் இருந்தது.

அன்று மாமியாரிடம் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னேன். தாத்துஸ் ஸலாசில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் அவர்கள்மீது குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் இறந்துவிடுவோம் என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கும் இறைவசனத்தைக் காரணமாகக் காட்டினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. "மாமி, நமக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை, அடுப்பு இருக்கிறது. வசதியிருக்க நாமே வருவித்துக்கொள்ளும் துன்பம் இபாதத் ஆகாது" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப லுஹருக்கு வெந்நீர் போடு" என்றார். உளூவை முழுமையாகச் செய்து தோலுறை அணிவித்தேன். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் அதன்மேல் மஸஹு செய்யும் அனுமதி உண்டல்லவா?

அப்போதுதான் அடுத்த வீட்டில் தனியே வாழும் மூதாட்டி என் நினைவுக்கு வந்தார். ஒரு பகலும் இரு இரவும் அவரை நாங்கள் எண்ணவே இல்லை. கதவைத் தட்டினோம். மேலங்கியோடு படுக்கையில் சுருண்டிருந்தார்; அவர் வீட்டில் மின்சார அடுப்பு, ஆகவே சூடாக எதுவும் அருந்தவில்லை. கொரோனா காலமானதால் அவரும் தயங்கினார், நாங்களும் தயங்கினோம். முகக்கவசம் அணிந்து அழைத்துவந்தோம். அவரிடம் ரொட்டியும் சூப்பு டின்களும் இருந்தன. எங்களிடம் அரிசியும் இறைச்சியும். உணவு குறைந்தபோது அஷ்அரீ குலத்தார் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டதையும், அதற்காக நபியவர்கள் அவர்களைப் புகழ்ந்ததையும் மகன் நினைவூட்டினான். மின்சாரம் வரும்வரை அறுவராக இருந்தோம். புதன்கிழமை குழாய் நீரையும் கொதிக்கவைத்தே குடிக்கும்படி மாநகராட்சி அறிவித்தது. அந்த ஓர் அடுப்பே எல்லோருக்கும் போதுமாயிற்று.

அப்புயலில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குளிரால் உடல் வெப்பம் இழந்தவர்கள்.

இப்போது அந்தப் பாடத்தை வேறுவிதமாக நடத்துகிறேன். "எங்க வீட்டுல நெருப்பே இல்லையே?" என்று பிள்ளைகள் கேட்டால், அந்தச் சாம்பிராணிச் சட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தம் வீட்டில் உள்ளதா, அது வேலை செய்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டு வரச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஒவ்வொருவராக விடை சொல்லும்வரை புதிய பாடம் தொடங்குவதில்லை.

பிள்ளை நம் பாடத்தை நமக்கே திருப்பிச் சொல்லும்போது சினம் வரும். அந்தச் சினத்தை விழுங்கும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.