டப்ளினில் ஒரு சுங்கான் பட்டறை

டப்ளின் நகரத்தில், கிராஃப்டன் தெருவின் ஆரவாரத்துக்குச் சற்று ஒதுங்கிய சந்து ஒன்றில், பழைய சுங்கான்களைப் பழுதுபார்த்து ஜீவனம் நடத்தும் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு, அவற்றைச் சேகரிப்பதில் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். புகையிலையோடு எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு பழம்பொருளில் ஆதியில் இருந்தது எது, இடையில் வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறியும் வித்தையில் எனக்கு வெகுநாளைய ஆசை உண்டு.

அயர்லாந்தில் பழைய சுங்கான் என்றால் பெரும்பாலும் பீட்டர்சன் சுங்கான்தான். ஜெர்மனியிலிருந்து வந்த காப் குடும்பத்தாரோடு லாட்வியா தேசத்துச் சார்லஸ் பீட்டர்சன் கூட்டுச் சேர்ந்து நடத்திய தொழில் அது. கழுத்தின் அடியில் சிறு குழி குடைந்து, புகையோடு வரும் ஈரத்தை அதிலே தேங்கவைக்கும் அமைப்புக்கு 1890-இல் காப்புரிமை பெற்றார் பீட்டர்சன். புகை நாக்கைச் சுடாமல் மேலண்ணத்தை நோக்கிப் போகும்படி, வாய்க்குழலின் துளையை நுனியில் வைக்காமல் மேற்புறத்தில் திறந்துவிட்ட அமைப்பு 1898-இல் வந்தது. மத்தியதரைக் கடலோரத்துப் பிரையர் செடியின் அடிக்கட்டையைக் குடைந்து செய்யும் கிண்ணம் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும். கந்தகம் கலந்து சூட்டில் இறுக்கிய ரப்பராகிய வல்கனைட்டில் செய்யும் வாய்க்குழலோ பல்லுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்க மாட்டாமல் தேய்ந்தும் வெடித்தும் போகும். ஆகையால் மாற்றப்படுவது முதலில் வாய்க்குழல், பிறகு கழுத்தைச் சுற்றிய பூண்.

நண்பர் நீட்டிய சுங்கானை வாங்கிய முதியவர், நான் எதிர்பார்த்தபடி முத்திரைகளைப் பார்க்கவில்லை. வாய்க்குழலைத் திருகிக் கழற்றி, கழுத்துக்குள் நுழையும் அதன் அடிமுனையை விளக்கருகே பிடித்து, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தினார். "பீட்டர்சன் குழலாக இருந்தால் துவாரம் அடியில் அகன்று, வாய்ப்பக்கம் போகப்போகக் குறுகவேண்டும். இது ஆதியோடந்தம் ஒரே அளவு" என்றார். அடிமுனையில் எலும்பாலோ பிற்காலத்தில் அலுமினியத்தாலோ ஆன சிறு நீட்டுக்குழாய் ஒன்று திருகியிருக்க வேண்டுமாம். அதன் மறையே இதில் இல்லை. நீட்டுக்குழாய் இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சுத்தம் செய்வது தொல்லை என்று அதைத் தூர எறிந்தவர்கள் அநேகர் என்றும், மறைகூட இல்லாததுதான் சங்கதி என்றும் அவர் விளக்கினார்.

நிறமும் பேசுகிறது. வல்கனைட் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பும் பச்சையுமாய் மங்கும். பூணுக்குள் மறைந்திருந்த பாகம் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். அந்தக் கருமையின் எல்லை பூணின் விளிம்போடு பொருந்தினால், இரண்டும் நெடுங்காலம் கூடிவாழ்ந்தவை என்று கொள்ளலாம். கிண்ணத்தின் வாய் நெருப்புக்குச்சி பட்டுக் கரிந்திருக்க, வாய்க்குழலில் ஒரு பல்தடம்கூட இல்லாதபோது, சந்தேகப்படாதவன் வியாபாரியாக மட்டுமே இருக்கமுடியும்.

பூண் விஷயம் இன்னும் சுவையானது. பிறவிப் பூண் அமரும் இடத்தில் கட்டையை ஒரு படி செதுக்கி இறக்கியிருப்பார்கள். விரலால் தடவினால் மரமும் உலோகமும் ஒரே மட்டமாக ஓடும். வெடித்த கழுத்தைக் காப்பாற்றப் பின்னால் போட்ட பூணோ, முறிந்த கைக்குக் கட்டுப் போட்டதுபோல் மேலே புடைத்து நிற்கும். சில சமயம் கட்டையில் பதித்த பெயரில் பாதியை விழுங்கியும் விடும். வெள்ளிப் பூணானால் டப்ளின் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும்: வீற்றிருக்கும் ஹைபர்னியா மாது, மகுடம் சூடிய யாழ், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. நிக்கல் பூண்களில் மூவிலைத் தழையும் வேட்டைநாயும் வட்டக் கோபுரமும் வரிசையாகப் பதிந்திருப்பதைக் கண்டு, வெள்ளி முத்திரை என்று மயங்கி அதிக விலை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை வெறும் அலங்காரம்.

நண்பருடைய சுங்கானின் கழுத்தில் 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்று பதிந்திருந்தது. அந்தப் பெயரோடு ராஜ்யம் இருந்தது 1922 முதல் 1937 வரை. பூணின் ஆண்டெழுத்தோ 1950-களைக் காட்டிற்று. முத்திரை பெற்ற வெள்ளி சிறிது காலம் கையிருப்பில் கிடப்பது சகஜமாதலால், ஓரிரு வருஷ வித்தியாசத்தை முதியவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பூண் கிண்ணத்துக்கு வெகுவாக முந்தியதானாலும் இவ்வளவு பிந்தியதானாலும் அதற்குச் சமாதானம் கிடையாது.

மூலையில் மெருகுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்த இளம்பெண், அவரிடம் தொழில் பழகுபவள், கந்தக வாடை அடிக்கும் கறுப்புத் தூள் முன்கை வரை படிந்திருக்க, தன் ஆவலாதியைச் சொன்னாள். வீட்டிலேயே சக்கரம் வைத்துக்கொண்டு பளபளக்கத் தேய்ப்பவர்கள் கட்டையின் எழுத்துக்களையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்களாம்; இருக்கும் சாட்சியங்களை அழித்துவிட்டுப் பிறகு இங்கே வந்து சுங்கானின் வயது என்ன என்று கேட்கிறார்களாம். அவளுடைய கோபம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

அசல் வாய்க்குழலும் அசல் பூணும் எங்கிருந்தாவது தேடிப் பொருத்தித் தரவேண்டும் என்று நண்பர் கேட்டார். "அந்தக் காலத்து இன்னொரு சுங்கானிலிருந்துதான் பிடுங்க வேண்டும். அப்புறம் இரண்டும் பொய்யாகும்" என்றார் முதியவர். மேலும், இந்தக் குழலைக் கடைந்தவன் கைதேர்ந்தவன், கழுத்தில் காற்றுப் புகாமல் அமைந்திருக்கிறது, புகைப்பவனுக்கு இதில் யாதொரு குறையும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அழுக்கை மட்டும் எடுத்து, சீட்டு ஒன்றில் 'குழல் மாற்று, பூண் மாற்று' என்று எழுதிக் கட்டிக் கொடுத்தார்.

நண்பருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. சீட்டை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு பட்டறை ஒன்று பார்க்கவேண்டும் என்று டிராம் நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.