வருபவருக்கு ஒரு துண்டு பாண்

பாண் என்றால் கடையில் வாங்குவது என்றே நாம் பழகிவிட்டோம். வீட்டில் செய்வதென்றால் ஈஸ்ட் வேண்டும், மா பொங்கும்வரை காத்திருக்க வேண்டும், போறணையும் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே?

டப்ளினில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் சொல்லித் தந்த பாணுக்கு இவை ஒன்றுமே தேவையில்லை. அது அயர்லாந்தின் சோடாப் பாண். அங்கு விளையும் கோதுமை மென்மையானது. ஈஸ்ட் போட்டால் அவ்வளவாகப் பொங்காது. 19ஆம் நூற்றாண்டில் அப்பச்சோடா கிடைக்கத் தொடங்கியதும், பெண்கள் அதைப் புளித்த மோருடன் மாவில் சேர்த்தார்கள். மோரின் புளிப்பு சோடாவில் பட்டதும் வாயு உண்டாகி மாவைப் பொங்கச் செய்கிறது.

பட்டினி அறிந்த நாடு அது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதேயளவு பேர் கப்பலேறினார்கள். 1847இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 இலட்சம் பேர்வரை இலவச சூப்பை நம்பியிருந்தார்கள். கையில் பாத்திரத்துடன் வரிசையில் நிற்பது என்னவென்று நமக்கும் தெரியும். முகாம்களில் நின்றோம். 2022இல் எரிவாயுவுக்கும் நின்றோம்.

செய்முறை சுலபம். கோதுமை மா 250 கிராம், அப்பச்சோடா தட்டையாக அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. இவற்றை ஒன்றாக அரித்து, ஒரு பிடி பிளம்ஸ் அல்லது நறுக்கிய பேரீச்சம்பழம் சேருங்கள். புளித்த மோர் 200 மில்லிலீற்றர் அளவில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலவுங்கள். மோர் இல்லையா? பால்மாவைக் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள்.

ரொட்டிக்குப் பிசைவதுபோல் அடித்துப் பிசையக் கூடாது, பாண் இறுகிவிடும். மா ஒன்றுசேர்ந்தால் போதும். ஒரு விரல் மொத்தத்தில் வட்டமாகத் தட்டி நான்காக வெட்டுங்கள். தாமதிக்காமல், மா தூவிய தோசைக்கல்லில் போட்டு, மூடி, மிகக் குறைந்த நெருப்பில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் சுடுங்கள். அயர்லாந்தின் வடபகுதியில் இப்படித்தான் கல்லில் சுடுவார்கள். சோடா கூடினால் கைக்கும், கவனம்.

அந்நாளில் அங்கே வெறும் சோடாப் பாண்தான் தினசரி உணவு. உலர்ந்த பழம் விலை கூடியது. விசேட நாளுக்கும் விருந்தினருக்கும் மட்டுமே போடுவார்கள். சூப்புக்கு நின்ற மக்களின் வீடுகளிலும், பிற்காலத்தில் வருபவருக்கென்று ஒரு பிடி பழம் ஒதுக்கி வைக்கப்பட்டது. எனக்கு இந்தப் பாணில் பிடித்தது அதுதான்.

மறுநாள் இது காய்ந்துவிடும். கடைக்குக் கொடுத்து விற்க உதவாது. சுட்ட அன்றே பகிர்ந்து சாப்பிட வேண்டும். நிவாரணம் வாங்கி வாங்கிப் பழகிய கைகளுக்கு, இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதும் ஒரு தேவைதான். நான்கு துண்டில் இரண்டு பிள்ளைகளுக்கு. மிச்சம் இரண்டுக்கு, பக்கத்து அறைப் பெண்ணைத் தேநீருக்குக் கூப்பிடுங்கள்.