அம்மப்பா விக்கின கதை

அம்மப்பாவின் 31ஆம் நாள். பேசாலை வீட்டு முற்றத்தில் பந்தல். பூசை முடிந்து ஆட்கள் வந்து இருந்தாச்சு. சாப்பாட்டுக்கு முதல் அவருடைய குரலை ஒருக்கா எல்லாருக்கும் போட்டுக் காட்டுவதென்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். லப்டொப்பிலிருந்து வயர் போய், ஒலிபெருக்கிக்காரருடைய மிக்ஸரில் குத்தியாச்சு. பிளே அழுத்தினோம்.

மத்தளம் வந்தது. சல்லாரி வந்தது. பிறகு அவர் குரல் மேலே ஏறி, ஒரு எழுத்தில் நின்று இழுக்கத் தொடங்கிய இடத்தில்... டக். திரும்பவும் டக். டக்-டக். இழுவை துண்டு துண்டாக விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வயரைப் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த அம்மம்மா மெதுவாகத்தான் சொன்னா, ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "ஏன் புள்ளையள் விக்குது? அந்த மனுசன் பாட்டுல ஒருநாளும் விக்கினதில்லையே."

நிற்பாட்டிப்போட்டோம்.

'நாங்கள்' என்றால் மூன்று பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். மற்றவன் உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற தம்பி. கணினியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது யூடியூப் சொன்ன அளவுதான். அதுதான் பிரச்சினையே.

கசெட் எண்பதுகளின் தொடக்கத்தில் பதிந்தது. அம்மப்பா அண்ணாவியார். மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று கூத்துக்கு இரண்டு வழி உண்டு. அவர் இரண்டிலும் பாடுவார், 'எண்டிறீக்கு எம்பரதோர்' என்றால் விடியும்வரை கீழே இறங்கமாட்டார். 1990இல் வீட்டுச் சனம் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனபோது அம்மம்மாவின் பெட்டிக்குள் உடுப்போடு போன கசெட், அவவோடேயே திரும்பி வந்தது. ஒரேயொரு பிரதி.

அவர் போன பிறகு தெரிந்த ஒருவரிடம் கசெட் பிளேயர் இரவல் வாங்கி, லப்டொப்பில் குத்தி, ஆடாசிட்டியில் பதிந்தோம். ஒரு பக்கம் 45 நிமிடம், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. 476 எம்பி வந்தது. இரண்டு நாள் முன்னம் ஒத்திகை பார்த்தபோதே தொடக்கத்தில் டக் டக் கேட்டது. பதிவில்தான் பழுது என்று முடிவு கட்டி, தொடக்கத்தில் இருந்த 40 செக்கன் இரைச்சலை வெட்டி, அதே பெயரிலேயே சேமித்தோம். இடம் போதாதென்று ஆடாசிட்டி புரொஜெக்ட்டையும் அழித்தாச்சு. பிறகு ஒருமுறை சரியாக ஓடியது. சுகமாகிவிட்டது என்று நினைத்தோம்.

31ஆம் நாள் இரவு, பாத்திரம் கழுவி முடிந்த பிறகு, தம்பிதான் கண்டுபிடித்தான். ஒரே இடத்தை ஐந்து தரம் போட்டுக் கேட்டு, டக் விழுந்த செக்கனைக் கொப்பியில் எழுதினான். ஐந்து தரமும் ஐந்து வேறு இடம்! பழுது ஃபைலில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே செக்கனில் விழவேண்டும். இடம் மாறுகிறதென்றால் குரல் சுகமாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிற மெசின்தான் விக்குது. உங்களுடைய லப்டொப்பில் பாட்டு வெட்டினால் முதலில் இதைச் செய்து பாருங்கள். கொப்பியும் பேனையும் போதும்.

நாங்கள் பாவித்தது ஃபூபார்2000. பீட்டர் பாவ்லோவ்ஸ்கி என்பவர் எழுதி 2002இல் வெளிவிட்ட மென்பொருள், இலவசம், பழைய லப்டொப்பிலும் பாரமில்லாமல் ஓடும். அதில் பழுதில்லை. பழுது நாங்கள் அதில் மாற்றிவைத்த செட்டிங்ஸில். 'புரோ குவாலிட்டி' என்று ஒரு வீடியோ சொன்னதை நம்பி, அவுட்புட் பக்கத்தில் பஃபர் நீளத்தை 1000 மில்லிசெக்கனிலிருந்து 100க்கு இறக்கியிருந்தோம். சத்தத்தை 192 கிலோஹேர்ட்ஸுக்கு உயர்த்துகிற ஒரு பகுதியையும் சேர்த்திருந்தோம்.

பஃபரை மன்னார் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம். குழாய்த் தண்ணி விட்டு விட்டுத்தான் வரும். ஆனால் மேலே 1000 லீற்றர் டேங்க் இருந்தால் குசினிக் குழாய்க்கு அது தெரியாது. கணினியும் சத்தத்தை விட்டு விட்டுத்தான் அனுப்பும், ஏனென்றால் அதற்கு அதே நேரம் வேறு நூறு வேலை. டேங்க்குக்குப் பதிலாக ஒரு வாளியை வைத்துவிட்டு, தண்ணி நிற்குது என்று குழாயைக் குறை சொன்ன ஆட்கள் நாங்கள். பஃபரைக் குறைத்தால் குரல் தெளிவாகாது. குறைந்த பஃபர், மைக்கில் பாடிக்கொண்டே ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டு ரெக்கோர்ட் பண்ணுகிறவருக்குத் தேவை. பதிந்து வைத்ததை ஓட்டுகிறவருக்கு ஒரு செக்கன் பிந்தினால் என்ன குடிமுழுகிப்போகுது? நாங்கள் திரும்ப 1000 ஆக்கினோம்.

192ஐயும் கழற்றினோம். 44.1இல் பதிந்ததை 192 ஆக்கினால் கசெட்டில் இல்லாத சத்தம் புதிதாக வந்துவிடாது, புரொசெசருக்கு வேலை கூடும், அவ்வளவுதான். விண்டோஸின் சவுண்ட் பகுதியிலும் ஸ்பீக்கருக்கு 44.1ஐயே தெரிவுசெய்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்றிருந்ததை நிற்பாட்டினோம். அது சத்தத்தை அழகுபடுத்துகிறேன் என்று நடுவில் புகுந்து நிற்கிற ஆள். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருப்பார்.

இவ்வளவு செய்தும் பத்து நிமிடத்துக்கு ஒருக்கா ஒரு டக் மிச்சமிருந்தது. அதற்கு இரண்டு நாள் போனது. ஃபூபாரின் டேங்க்குக்குக் கீழே, விண்டோஸும் சவுண்ட் டிரைவரும் வைத்திருக்கிற குட்டித் தொட்டி ஒன்று உண்டு, ஃபூபாரில் எதைப் பெருப்பித்தாலும் அது பெருக்காது. வேறொரு டிரைவர் புரொசெசரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்தால் அந்தத் தொட்டி வற்றும். லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் பிடித்து வைக்குது என்று பெயர் காட்டும். எங்களுடையதில் வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்தோம், டக் போனது. பந்தலில் நின்று பாட்டுப் போடுகிறவருக்கு வைஃபை எதற்கு?

மிச்சமெல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் 31ஆம் நாள் அதில் ஒன்றும் செய்யவில்லை. பென்ட்ரைவிலிருந்து நேரே ஓட்டினோம், ஃபைலை லப்டொப்புக்குள் கொப்பி பண்ணியிருக்கவேண்டும். சார்ஜரில்லாமல் பற்றரியில் ஓட்டினோம், அதுவும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற நிலையில், அந்த நிலையில் புரொசெசர் மெதுவாகிவிடும். (சார்ஜரைக் குத்தினால் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரையும் என்றுதான் பயந்தோம். சில இடத்தில் இரையும்தான், முன்கூட்டியே குத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.) வாட்ஸ்அப் சத்தத்தையும் அணைக்கவில்லை. செத்த வீட்டில் 'டிங்' என்று கேட்டால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆண்டுத் திருப்பலிக்குத் திரும்பவும் ஆட்கள் வந்தார்கள். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது, பந்தல் தறப்பாள் படபடத்தது. ஒலிபெருக்கிக்காரர் அதே ஆள். எங்களைக் கண்டதும் ஒரு சிரிப்பு. பிளே அழுத்திவிட்டு மூன்று பேரும் லப்டொப்பைச் சுற்றி நின்றோம், யாரும் கிட்ட வந்து தொட்டுவிடாமல்.

அந்த இழுவை வந்தது. மேலே போனது, நின்றது, நின்றுகொண்டேயிருந்தது. அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பார் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். 45 நிமிடமும் ஓடியது, ஒரு டக்கும் இல்லை.

முடிந்ததும் அம்மம்மாவிடம் போனோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வடிவாக் கேட்டுது" என்றா. கொஞ்சம் பொறுத்துக் கேட்டா: "முன்னுக்கு அவர் இருமிப்போட்டு, 'சுத்துதா புள்ள?' எண்டு என்னட்டக் கேப்பார். நான் 'ஓம், சுத்துது' எண்டுவன். அது எங்க?"

அது அந்த 40 செக்கனுக்குள் இருந்தது.

இரைச்சல் என்று வெட்டும்போது நாங்கள் அதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. ஃபைலில் அது இனி இல்லை. கசெட் இருக்கிறது, அம்மம்மாவின் பெட்டிக்குள்தான். இரவல் வாங்கிய பிளேயரின் பெல்ட் அறுந்துவிட்டது, அந்த அளவில் பெல்ட் மன்னார் டவுனில் நாங்கள் கேட்ட இரண்டு கடையிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற நிலையில் கசெட் பிளேயர் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள். ஒரு நாள் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.