நோ நின்ற பிறகு

கீழ்த் தாடையின் வலப்பக்கத்துக் கொடுப்புப்பல் ஒன்றுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டு இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. அரசியலும் இலக்கியமும் எழுதுகின்ற பக்கத்தில் பல்லைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் செட்டிகுளத்தில் இருந்துகொண்டு ஒரு பல்லைக் காப்பாற்றுவது எத்தகைய காரியம் என்பதை எழுதிவைத்தால் யாருக்கேனும் உதவும் என்று தோன்றுகின்றது. குறிப்பாக, சிகிச்சைக்குப் பின்வரும் நாள்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

செட்டிகுளம் என்றதும் உலகெங்குமுள்ள தமிழருக்கு 2009ஆம் ஆண்டின் மெனிக்பாம் முகாம்களே நினைவுக்கு வரும். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பிகளுக்குள் இருந்த இடம் அது. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. அதற்கு முன்னரும் பின்னரும் இது மதவாச்சி - தலைமன்னார் புகையிரதப் பாதையில் உள்ள ஒரு வேளாண்மைக் கிராமமே. வயல், குளம், காடு, காலையில் வவுனியாவுக்குப் போகும் பஸ் என்பனவே எங்கள் உலகம். பல்லுக்கொதி வந்தால் கராம்பை நசுக்கி வைப்பதும், அதற்கும் அடங்காவிட்டால் பல்லைப் பிடுங்கி எறிவதுமே இங்கு நீண்டகால வழக்கம். பிடுங்குவது ஒரே நாளில் முடிந்துவிடும். காப்பாற்றுவதற்கு மூன்று நான்கு தடவைகள் நகரத்துக்குப் போய்வர வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலி என்பதால் பல்லின் விலை இங்கு அந்தக் கணக்கிலேதான் தீர்மானிக்கப்படுகின்றது.

வேர்ச் சிகிச்சையில் நிகழ்வது இதுதான். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான கூழ் உண்டு. சூத்தை அதுவரை இறங்கிவிட்டால் கூழ் அழுகி, கிருமிகள் வேரின் நுனிவரை செல்கின்றன. வைத்தியர் பல்லைத் துளைத்து, மயிரிழை போன்ற அரங்களால் வேர்க்குழாய்களைச் சுத்தம்செய்து, கிருமிகொல்லித் திரவத்தால் கழுவி, வெற்றிடத்தைக் குட்டாபேர்ச்சா என்னும் பொருளால் அடைக்கிறார். மலாயாக் காடுகளின் மரமொன்றினது பாலிலிருந்து கிடைப்பது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாக இருந்ததும் இதுவே. அக்காலத்துப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொண்டுவந்த பொருள் இப்போது என் வாய்க்குள் இருக்கின்றது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அம்மரம் எங்கள் வன்னியின் பாலை மரத்துக்கும் இலுப்பைக்கும் ஒரே குடும்பத்து உறவு. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பாலின் பிடி நன்கு விளங்கும்.

சிகிச்சை முடிந்த அன்று வாய் சில மணித்தியாலங்கள் விறைத்திருக்கும். விறைப்பு அகலும்வரை எதையும் சப்பக் கூடாது. கன்னத்தையோ நாக்கையோ கடித்தாலும் தெரியாது. சுடுதேநீர் சுட்டாலும் தெரியாது. விறைப்பு அகன்றபின் அந்தப் பல்லில் சில நாள் ஒரு மந்தமான நோ இருக்கும். கடிக்கும்போது அது கூடும். நரம்பை எடுத்தபிறகும் நோகின்றதே என்று பயப்பட வேண்டியதில்லை. பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் தசைநார் புண்பட்டிருப்பதால் வருவது அது. நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருமாயின் எல்லாம் சரியாக நடக்கின்றது என்று பொருள். முதல் இரண்டு நாள் ஆறிய கஞ்சியும், பின்னர் சொதியில் ஊறிய இடியப்பமுமாக நான் காலம் கழித்தேன். முறுக்கு, சோளப்பொரி, பாக்கு மூன்றும் விலக்கு. வெற்றிலை போடுகின்றவர்களுக்கு இதுவே கடினமான பத்தியம். பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மென்மையாகத் துலக்கி, இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளித்தால் முரசு விரைவில் ஆறும்.

நோ மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். என்னைப் பார்த்த பல் வைத்தியர் மருந்து எழுதுமுன் சிறுநீரகம் பற்றிக் கேட்டார். இந்தப் பகுதியில் அது கேட்கவேண்டிய கேள்வி. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து அறியப்பட்டுவரும், காரணம் இன்னும் முற்றாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், மாகாண எல்லை தாண்டி வவுனியா மாவட்டத்து விவசாயிகளையும் பற்றியிருக்கின்றது. தொடக்கத்தில் அதற்கு அறிகுறியே இராது. இரத்தப் பரிசோதனையிலேதான் தெரியவரும். பல்லுக்கொதிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. நலமாயிருப்பவர் இரண்டு நாள் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நோய் இருப்பது தெரியாத ஒருவர் கிழமைக்கணக்கில் குடித்தால், பல்லைக் காக்கப்போய்ச் சிறுநீரகத்தை இழக்க நேரிடும். குடற்புண் உள்ளவர்களும் அவற்றைத் தவிர்க்கவேண்டும். எனக்குப் பனடோலே போதுமாயிருந்தது. அதிலும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது.

அன்ரிபயோற்றிக் மருந்தும் அவ்வாறே. வீக்கமோ காய்ச்சலோ இல்லாதபோது அதற்கு வேலை இல்லை. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைத் தாமாக எடுத்துக் குடிப்பது எங்கள் ஊரில் மட்டுமன்றி லண்டனிலும் ரொறன்ரோவிலும் நடப்பதாக அறிகிறேன். ஆனால் கன்னம் வீங்கி, வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், காய்ச்சல் அடித்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கடினமானால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

இவை யாவற்றிலும் பெரிய ஆபத்து, நோ நின்றபிறகு வருவது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு விவசாயி, என்னிலும் மூத்தவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே சிகிச்சையைச் செய்துகொண்டார். தற்காலிக அடைப்போடு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. "கொதி நிண்டிட்டுது தம்பி, அறுவடை நேரத்தில இனி என்னத்துக்கு வவுனியாவுக்கு அலைவான்?" என்றார். "அண்ணை, இன்னும் ஒருக்காப் போனால் வேலை முடிஞ்சிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். நான்கு மாதம் கழித்துக் கச்சான் கொட்டை கடித்தபோது பல் நெடுக்காகப் பிளந்தது. பிளவு வேருக்குள் இறங்கிவிட்டதால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காசும் போயிற்று, பல்லும் போயிற்று.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நோ என்பது எங்களை வைத்தியரிடம் இழுத்துச் செல்லும் கயிறு. அது அறுந்தபின் அறுவடையை விட்டுவிட்டு யார் போவார்? ஆனால் நரம்பு எடுக்கப்பட்ட பல்லுக்குச் சூடும் குளிரும் தெரியாது. மறுபடி சூத்தை விழுந்தாலும் அது கூச்சலிடாது. சூத்தையாலும் துளைத்ததாலும் அதன் சுவர்கள் மெலிந்திருக்கும். தற்காலிக அடைப்போ சில வாரங்களுக்கென்று செய்யப்பட்டது. அது தேய்ந்தால் உமிழ்நீரும் கிருமிகளும் உள்ளே கசிந்து செய்த வேலையைப் பாழாக்கும். ஆகவே சில வாரங்களுக்குள் நிலையான அடைப்பும், சப்பும் பற்களாயின் பெரும்பாலும் மேலே கிரவுண் எனப்படும் கவசமும் அவசியம். அதுவரை அந்தப் பக்கத்தால் சப்பாதிருப்பதே அறிவு. இடையில் அடைப்புக் கழன்றுவிட்டால் குறித்த திகதிவரை காத்திராமல் போகவேண்டும்.

அதன்பின்னரும் ஒரு கடமை மிஞ்சுகின்றது. வேர் நுனியில் கிருமி அரித்த எலும்பு மாதக்கணக்கில்தான் வளர்ந்து மூடும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். நோவின்மையை வைத்து அதை அறிய முடியாது. எக்ஸ்ரே படத்திலே தெரியும் கருநிழல் சுருங்குவதைக்கொண்டே அறியலாம். எனக்கு அடுத்த கிழமை கிரவுணுக்கு அளவெடுப்பு; ஆறு மாதத்தின் பின் படம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ள தாய் தந்தையரின் பல் வைத்தியத்துக்குப் பணம் அனுப்புகின்றவர்கள் உங்களில் பலர். அடுத்தமுறை தொலைபேசி எடுக்கும்போது "நோ நிண்டிட்டுதோ?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நிண்டிட்டுது என்றுதான் சொல்வார்கள். "கிரவுண் போட்டாச்சோ? எக்ஸ்ரே எப்ப?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பயணத்துக்கான பஸ் காசையும் அன்றைய கூலியையும் கணக்கில் சேர்த்து அனுப்புங்கள்.