தியலும அருவியின் உச்சியிலே

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளுள் உயரத்தால் முதலாவது பம்பரகந்த. அதன் உயரம் 263 மீற்றர். அதற்கு அடுத்தது தியலும, 220 மீற்றர். இரண்டும் பதுளை மாவட்டத்திலேயே, மலைநாடு முடிவுற்றுத் தென்புறச் சமவெளிக்குச் செங்குத்தாக இறங்குகின்ற விளிம்பிலே அமைந்துள்ளன. பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கொஸ்லந்தைக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் அப்பால், பஸ்ஸில் இருந்தபடியே தியலுமவைக் காணலாம். ஆயினும், வீதியிலிருந்து காண்பது அருவியின் முகம் மட்டுமே. அதன் உச்சியைக் காண விரும்புவோர் தேயிலைத் தோட்டங்களினூடே மலைவழியாகச் செல்லல் வேண்டும்.

2024 ஆம் ஆண்டு தை மாதம், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் நால்வர் இரண்டு மோட்டார்ச் சைக்கிள்களில் பண்டாரவளையிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டோம். பாணும் கட்டச்சம்பலும் பொதிசெய்து எடுத்துக்கொண்டோம். பூனாகலைக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து தோட்டங்களுக்குள் புகுகின்றது. பனி விலகவில்லை. முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு ஒரு வளைவில் மறைவதும் மறு வளைவில் தோன்றுவதுமாக இருந்தது. பூனாகலையைத் தாண்டிய பின்னர் பாதை ஒடுங்கியது; தாரும் ஆங்காங்கே பெயர்ந்திருந்தது. கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மெல்ல மெல்ல இறங்கினோம். பின்னால் இருந்தவர்கள் கடினமான இடங்களில் இறங்கி நடந்தனர்.

மாகல்தெனியவை அடைந்து வண்டிகளை நிறுத்தினோம். அங்கிருந்து நடைதான். வழிகாட்டுவதற்கு அவ்வூர்ச் சிங்கள இளைஞர் ஒருவர் உடன் வந்தார். ஆளுயரம் வளர்ந்திருந்த மானாப்புல்லை விலக்கிக்கொண்டு இறங்கிச் செல்லச் செல்ல, நீரின் ஓசை முதலில் காலடியிலும் பின்னர் காதிலுமாகக் கேட்டது. திடீரெனப் புல்வெளி முடிந்து கற்பாறைகள் தோன்றின.

என்னே அந்தக் காட்சி! பூனாகலை ஓயா படிப்படியாக விழுந்து, பாறையைக் குடைந்து, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல தடாகங்களை அமைத்திருக்கின்றது. கிரிந்தி ஓயாவோடு கலந்து தென்கடலைச் சேரப்போகும் அந்நீர், பெருவீழ்ச்சிக்கு முன்னர் சற்றே இளைப்பாறுவதுபோல அங்கே தேங்கி நிற்கின்றது. மேலேயுள்ள தடாகம் ஒன்றில் நீராடினோம். தண்ணீர் உடம்பை வெட்டும் குளிர். ஆயினும் ஒருவரும் விரைவிற் கரையேறவில்லை.

விளிம்புக்கு அருகே வேலியும் இல்லை. பிடித்துக்கொள்ள மரமும் இல்லை. பாசி படிந்த பாறை காலை வாரிவிடும். ஆதலால் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம் என்று வழிகாட்டி எச்சரித்தார். தூரத்திலேயே அமர்ந்து பார்த்தோம். கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி வெயிலில் மினுங்கியது. அங்கே கோடை, எங்கள் முதுகுப்புறத்தே முகில். நீர் மட்டும் இரண்டுக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருந்தது.

அவ்விடத்தில் அமர்ந்தே அந்த இளைஞர் ஒரு பழங்கதையைக் கூறினார். முன்னொரு காலத்தில் இளந்தலைவன் ஒருவன் மலைநாட்டுக்குத் தப்பியோட நேர்ந்தது. அவனுக்கென நிச்சயிக்கப்பட்ட பெண் அவனைத் தேடி வந்தாள். கணவாய்களிலெல்லாம் காவல் இருந்தமையால், அவன் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கி, இந்தச் செங்குத்துப் பாறையின் வழியே இறக்கினான். மேலே இழுக்கும்பொழுது அவள் பாறையில் மோதி மடிந்தாள். அத்துயரத்துக்கு இரங்கிய தெய்வங்கள் மலையிலிருந்து நீரைப் பெருகச்செய்து, நடந்ததன் அடையாளம் முழுவதையும் மூடிவிட்டனவாம். கதை முடிந்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

திரும்பி ஏறிவந்தபோது தோட்டத்துக் கடையொன்றில் தேநீர் அருந்தினோம். அங்கே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நாங்கள் எங்கே போய் வருகிறோம் என்று கேட்கவில்லை. “மேல்பக்கம் மழை இருட்டு கட்டுதுங்களா, தம்பி?” என்றே கேட்டார்.

“இல்லைப் பாட்டி, வானம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது” என்றான் நண்பன். அவர் தலையை அசைத்துவிட்டு வெற்றிலையை மடிக்கலானார்.

அக்கேள்வியின் பொருளை அறியாதவர் எங்களுள் இலர். கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தத் தோட்டத்தில், 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பெருமழையின் பின் மலை சரிந்து லயங்களை மூடியது. வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள்ளானார்கள்; பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் வாழத்தக்கதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது; போவதற்கு வேறு நிலமும் வீடும் வரவில்லை. அழிவு நேர்ந்த பின்னரே, 2016 ஆம் ஆண்டில், மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அருவியைத் தேடி நாங்கள் சென்ற ஊரே, அந்தத் துயரத்திலிருந்து மீண்டவர்கள் குடியேறிய ஊர்.

பிற்பகலில் கொஸ்லந்தைக்கு இறங்கி, நெடுஞ்சாலையில் நின்று அருவியைக் கீழிருந்தும் பார்த்தோம். சற்று முன்னர் நாங்கள் நீராடிய தண்ணீர் வெண்பட்டுச் சேலை காயவிட்டாற்போற் பாறையில் தொங்கியது. பின்னர் பெரகலை, அப்புத்தளை வழியாக வீடு நோக்கித் திரும்பினோம். மீரியபெத்தவுக்குப் பிரியும் இடத்தில் வண்டிகளின் வேகம் தானாகவே குறைந்தது. துயரம் நிகழ்ந்த மண்ணை வேடிக்கை பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

மழை பெய்தால் அருவி அழகு பெறும். அதே மழையில் மலைச்சரிவின்கீழ் வாழ்பவர்கள் உறக்கத்தை இழப்பர். 2025 ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டம் உள்ளிட்ட மலைநாட்டிலே மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. பழங்கதையின் தெய்வங்கள் ஒரு பெண்ணின் துயரத்தை நீரால் மூடின. நம் காலத்துத் துயரத்தை மூடியது மண். அதனை மறதியாலும் நாம் மூடிவிடலாகாது.

தியலுமவுக்குச் செல்ல விரும்பும் வாசகர்கள் மழையற்ற நாளைத் தெரிந்து செல்வார்களாக. கொண்டுபோன பொதியுறைகளைத் தடாகத்தில் எறியாது திரும்ப எடுத்துவருவார்களாக. தோட்டத்துக் கடையில் ஒரு கோப்பைத் தேநீராவது அருந்தி, அங்கிருப்பவர்களோடு நாலு வார்த்தை பேசுவார்களாக. மழை இருட்டைப் பற்றி எவரேனும் வினவினால், வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு மறுமொழி கூறுவார்களாக.