உருளை நிற்கட்டும்

துணியில் விழும் கறைக்கு ஒரு கணக்கு உண்டு. துணிக்குப் பூச்சு ஏற்றும் இயந்திரத்தில் வரிசையாகப் பல உருளைகள் இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்றின்மேல் மிளகளவு பசை காய்ந்து ஒட்டிக்கொண்டால் போதும். அந்த உருளை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் துணியில் ஒரு பொட்டு விழும். உருளையின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பொட்டுக்கும் பொட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் இருக்கும். விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் இடைவெளி 31. ஆகவே இடைவெளியை அளந்தாலே எந்த உருளையில் அழுக்கு என்று சொல்லிவிடலாம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அக்கா. பெருந்துறைப் பக்கம் ஒரு கோட்டிங் கம்பெனியில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மழைக்கோட்டு, பள்ளிக்கூடப் பை, வண்டி உறை போன்றவற்றுக்கான துணி அங்கே ஓடுகிறது. எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது. அளவு நாடா எடுக்க அவருக்குப் பொறுமையில்லை. செக்கிங் மேசையில் துணியை விரித்துச் சாண் போடுவார். "மூணு சாணுக்கு ஒண்ணு உழுகுதுங்க டீச்சர். அப்படின்னா அடியில இருக்கற பெரிய ரோலருதான். ஒன்னரைச் சாணுன்னா மேல போற சின்னது. போய்ப் பாத்தா கரெக்டா அங்க ஒட்டியிருக்கும்."

ஆபரேட்டர் இவரிடம் கேட்டுவிட்டுத்தான் உருளையைத் தேடிப் போவார். ஆனால் சம்பளச் சீட்டில் அக்காவின் பெயருக்கு நேரே இருக்கும் சொல் 'ஹெல்பர்'.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. அதற்கு முன் அழுக்கு எப்படிச் சேருகிறது என்று சொல்ல வேண்டும். துணி ஓர் உருளையின்மேல் ஓடுகிறது. உருளைக்கு மேலே, துணியின் அகலத்துக்கு ஒரு கத்தி நிற்கிறது. கத்திக்கு முன்னால் பாலியூரித்தேனோ அக்ரிலிக்கோ பிவிசியோ கூழ்போலத் தேங்கியிருக்கும். துணி கடந்து போகையில் கத்தி வழித்துத் தள்ளியதுபோக மீதிதான் அதில் தங்கும். பிறகு துணி அடுப்புக்குள் போய்க் காய்ந்து, குளிர்ந்த உருளைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். பசை நாம் சொன்ன இடத்தில் மட்டும் நிற்பதில்லை. நெசவு இளக்கமாக இருந்தால் அடியில் ஊறி உருளையைப் பிடிக்கும். கரையோரமாக வழிந்து இறங்கும். அடுப்பில் சரியாகக் காயாமல் வந்தால் அடுத்த உருளையில் ஒட்டும். ஒட்டியதன்மேல் மேலும் ஒட்டும். ஓரத்தில் தடித்துவிட்டால் உருளையின் சுற்றளவு அந்த இடத்தில் மாறி, துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மடிப்பு விழும். அப்புறம் ஓடியதெல்லாம் செகண்ட்ஸ்தான்.

அதைச் சுத்தம் செய்வதற்குக் கம்பெனியில் ஒரே சொல்: கிளீனிங். அக்கா பேசும்போது அந்த ஒரு சொல் அவருக்குப் போதுவதில்லை. ஈரமாக இருப்பதை வழிக்க வேண்டும். பாதி காய்ந்ததை உரிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்ததைச் சுரண்ட வேண்டும். அதன் பிறகு துடைக்க வேண்டும். தண்ணீரில் கலக்கிய பசை என்றால் ஈரத்துணி போதும், ஆனால் காய்வதற்கு முன்னால் கை போக வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீருக்கு அது அசையாது. இரும்புத் தகட்டால் சுரண்டினால் குரோம் பூசிய உருளையில் கீறல் விழும்; அடுத்த தடவை பசை அந்தக் கீறலில்தான் முதலில் ஏறும். ஆகவே மரத்தகடு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். ரப்பர் உருளையின்மேல் தின்னரை அப்படியே ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வழித்தல், உரித்தல், சுரண்டல், துடைத்தல், ஒற்றல். தமிழ் கற்பிப்பவள் என்பதால் இந்த வினைகள் என் காதில் தனித்தனியாக விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கையின் அழுத்தம் வேறு, வேகம் வேறு. இவையெல்லாம் சமையலறையிலிருந்து வந்தவை. மாவு வழித்த கை, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிய கை. "வீட்ல செய்யறதுதானே, இதுக்கென்ன தனியா டிரெய்னிங்" என்று சூப்பர்வைசர் சொல்வாராம். நம் நாட்டில் பெண்களின் கூலி குறைவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. வீட்டில் கூலியில்லாமல் கற்ற வேலை என்பதால் கம்பெனியிலும் அதற்குத் திறமை என்ற பெயர் கிடைப்பதில்லை. ஓர் ஆண் பட்டறையில் எடுபிடியாக நின்று கற்றதற்கு 'அனுபவம்' என்று பெயர்.

துடைக்கும் துணிக்கும் ஒரு வழித்தடம் உண்டு. திருப்பூரில் பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் கிடங்குகளுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். பட்டறைகளும் ஆலைகளும் அதை எடைபோட்டு வாங்குகின்றன. பெயர் 'பனியன் வேஸ்ட்'. தின்னரில் சாயம் இறங்கி உருளையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக வெள்ளைத் துண்டு கேட்பார்கள். பனியனைத் தைத்த பெண், துண்டைப் பிரித்த பெண், அதே துண்டால் உருளையைத் துடைக்கும் பெண் என்று ஒரே துணி மூன்று பெண்களின் கையைக் கடந்து போகிறது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி தின்னர். பூச்சுத் துணியின் வரலாற்றில் கரைப்பானுக்குப் பழைய இடம் உண்டு. 1823-இல் சார்லஸ் மெகிண்டாஷ் காப்புரிமை பெற்ற மழைத்துணி, நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிச் செய்தது. இன்று தின்னர் என்று பொதுப்பெயரில் வருபவற்றில் டொலுவீன் இருக்கலாம். பாலியூரித்தேன் பூசும் இடங்களில் டிஎம்எஃப் எனப்படும் டைமெத்தில் ஃபார்மமைடு இருக்கலாம். டொலுவீன் ஆவி தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். கர்ப்ப காலத்தில் அதிக அளவில் உள்ளே போனால் கருவைப் பாதிக்கும். டிஎம்எஃப் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கிக் கல்லீரலைத் தாக்கும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. தரையை ஒட்டிப் படியும். ஹெல்பர் பெண்கள் பசைத் தட்டையும் கத்தியையும் கழற்றிக் கொண்டுவந்து குத்தவைத்துக் கழுவுவது அந்தத் தரையில்தான். நின்று வேலை செய்யும் ஆபரேட்டரின் மூக்கைவிட இவர்களுடைய மூக்கு ஆவிக்கு அருகில் இருக்கிறது. தலைவலி வந்தால் அக்கா ஒரு டீ குடிப்பார். அவர் திறக்கும் டிரம்மின்மேல் எச்சரிக்கை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான பொருள்களைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கினார்கள். அவருக்கு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை.

அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்றொரு மருத்துவர் இருந்தார். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண். ஈயம், பென்சீன், கார்பன் டைசல்ஃபைடு என்று ஆலை விஷங்களைத் தேடிப் போனவர், ஆலைக்கணக்கை மட்டும் நம்பாமல் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய் விசாரித்தார். திண்ணையில் உட்கார்ந்து அக்கா சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஆலைக்குள் எழுதப்படாதது வீட்டில்தான் பேசப்படுகிறது.

தின்னரைவிட எல்லோரும் உடனே அஞ்சுவது உருளையின் வாய்க்கு. கரும்புச் சாறு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒரு பக்கம் இழுக்கிறது, மறுபக்கம் தள்ளுகிறது. பூச்சு இயந்திரத்திலும் அப்படித்தான். நிமிடத்துக்கு 20 மீட்டர் என்ற நிதானமான ஓட்டத்தில்கூடத் துணி நொடிக்கு 33 சென்டிமீட்டர் போகிறது. விரல்நுனி மாட்டினால் மணிக்கட்டுவரை உள்ளே போக அரை நொடி பிடிக்கும். துடைக்கும் துணியின் ஒரு முனை மாட்டினாலும் கையை அதுவே இழுத்துக்கொண்டு போகும். தின்னரிலிருந்து தோலைக் காக்கும் கையுறை, ஓடும் உருளையின் முன்னால் அதே கையைப் பிடித்துக்கொடுக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: இயந்திரம் நிற்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு துடைக்க வேண்டும்.

நிறுத்தினால் நட்டம் என்பார்கள். அது பொய்யில்லை. அடுப்புக்குள் நிற்கும் துணி கருகும், கத்தியின் முன்னால் பசை காயும், மறுபடி ஓட்டத்துக்கு வரும்வரை துணி வீண். அதனால் ஓட ஓடத் துடைக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சட்டம் எனக்கு வியப்பாக இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தைப் பற்றியதாக இருந்தது. ஆலையின் விசையைக் கடத்தும் பாகங்களை ஓட்டத்திலேயே பரிசோதிக்கவோ எண்ணெயிடவோ சீர்செய்யவோ வேண்டிவந்தால், தனிப் பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே அதைச் செய்யலாம் என்று அது சொன்னது. அந்த உடையை நிர்வாகம் தர வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், நியமனச் சான்றும் தர வேண்டும் என்றது. அதே பிரிவு, ஓடும் பாகத்தால் காயம்படக் கூடும் என்றால் பெண்ணையோ இளவரையோ எந்த இயந்திரத்தையும் சுத்தம் செய்ய விடக் கூடாது என்றும் சொன்னது.

பெண்ணையும் இளவரையும் ஒரே வரியில் வைக்கும் வழக்கம் பழையது. பிரிட்டனின் 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வயதுவந்த பெண்களை இளவர்களோடு சேர்த்துக் காப்புக்குள் கொண்டுவந்தது. அன்றைய நூற்பாலைகளில் ஓடும் இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவைப் பொறுக்கிய குழந்தைகளை நினைத்தால் அந்தக் காப்பின் தேவை புரிகிறது. சேலை முந்தானையும் பின்னலும் வளையலும் உருளைக்கு அருகே ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் திருப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் உடைக்குமேல் கோட்டு மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்காருகிறார்கள். இறுக்கமான உடை ஆணுக்கு மட்டும் பொருந்துவதில்லை. பயிற்சியும் அப்படித்தான்.

சட்டத்தின் கருணை பெண்ணை இயந்திரத்திலிருந்து விலக்கியது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லியிருந்தால் யாரையும் விலக்க வேண்டியிருந்திருக்காது. பெண்ணின் கைக்கு ஆபத்தான உருளை ஆணின் கையை விட்டுவைப்பதில்லை. அக்காவின் கம்பெனிக்கு அடுத்த கம்பெனியில், ஓட்டத்தில் துடைக்கப் போன ஆபரேட்டர் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவருக்கு 26 வயது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருங்க எழுதறாங்க" என்றார் அக்கா.

நடைமுறையில் நேர்ந்தது இதுதான். ஓடும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று இருந்ததால் பெண் ஆபரேட்டர் ஆனதில்லை. ஆபரேட்டர் ஆகாததால் ஹெல்பர். ஹெல்பர் என்பதால், இயந்திரம் நின்ற பிறகு தின்னரும் துணியுமாக உட்காரும் வேலை அவளுக்கு. என் வகுப்பு மாணவிகள் உதவித்தொகைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால், "கம்பெனில கிளீனிங் மேம்" என்று குரல் தாழும்.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வேலைகளுக்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஆபத்தான வேலை என்றால் போதிய பாதுகாப்பு செய்யும்படி நிறுவனத்தைப் பணிக்கலாம் என்கிறது. நான் வரவேற்கும் மாற்றம் இது. அதே தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான ஆள் எண்ணிக்கையை 10-இலிருந்து 20-ஆக உயர்த்தியிருக்கிறது. நம் பக்கத்துக் கோட்டிங் கம்பெனிகள் பலவற்றில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று போய் எண்ணிப் பார்த்தால், இந்த உரிமை யாருக்கு வந்து சேரும் என்பது தெரிந்துவிடும்.

அக்காவிடம், ஆபரேட்டர் வேலை கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஆபரேட்டரு வேண்டாங்க டீச்சர். நிறுத்தற சுவிட்ச ஒண்ண எம் மேசைக்கிட்ட வெச்சாப் போதுங்க."

பொட்டு விழுவதை முதலில் பார்ப்பவர் அவர். பார்த்ததும் எழுந்து போய் ஆபரேட்டரிடம் சொல்கிறார். ஆபரேட்டர் சூப்பர்வைசரைக் கேட்கிறார். சூப்பர்வைசர் போனில் இருக்கிறார். மூன்று நிமிடம் போனால் 60 மீட்டர் துணி கறையோடு ஓடிவிடும். அதற்குள் அவசரப்பட்டு யாராவது ஒரு கையை உருளைக்கு அருகே கொண்டுபோவார்கள். எந்த உருளை அழுக்கு என்று அப்போதே சாண் போட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, அதை நிறுத்த அதிகாரம் இல்லை.